பழைய பதிவுக்குப் புதுத் தேதி

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். கையெல்லாம் செதில். போன் அடித்தது. முழங்கையால் தள்ளி எடுக்கப் பார்த்தேன், முடியவில்லை. புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன். ஸ்டெல்லா, என்னோடு சேர்ந்து ப்ளாக் எழுதுகிறவள்.

"அக்கா, நம்ம பதிவைக் கோயில்ல வாசிச்சுட்டாங்க."

"எந்தப் பதிவு? இந்த வாரம் நாம ஒண்ணுமே போடலையே."

"ஈரப்பதம் பதிவுக்கா. காலைல பூசை முடிஞ்சதும் அறிவிப்புல வாசிச்சிருக்காங்க. எங்க ஊரே அறுப்பு மெஷினுக்குச் சொல்லிடுச்சாம்."

எனக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. நெல்லின் ஈரப்பதம் பற்றி ஸ்டெல்லா எழுதியது எப்போதோ. அதன் பிறகு எத்தனையோ சம்பா அறுவடை வந்து போய்விட்டது.

"அது பழசாச்சே. எங்க பார்த்தாங்களாம்?"

"நம்ம ப்ளாக்குலதான். நேத்து தேதி போட்டிருக்கு. நானும் இப்பதான் திறந்து பார்த்தேன்."

சமையலறை ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தேன். காலையிலிருந்தே மூடிக்கொண்டு நின்றது. நான் கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ரகம். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் என்று ஆபீஸில் கேலி செய்வார்கள். அன்றைக்குப் பயந்ததில் தப்பே இல்லை.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அரசு கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்கும்போது மெஷின் வைத்து ஈரம் பார்ப்பார்கள். பதினேழு சதவீதத்துக்குள் இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். மிஞ்சினால், காயவைத்துக் கொண்டுவா என்று திருப்பி அனுப்புவார்கள். மழை அடித்துக் கெடுத்த வருடங்களில் மட்டும் இந்த வரம்பைக் கொஞ்சம் தளர்த்தி உத்தரவு வரும். அந்தத் தளர்வு அந்த அறுவடையோடு முடிந்துவிடும். மறு வருடம் பழையபடி பதினேழுதான்.

ஈரம் இருந்தாலும் எடுப்பார்கள் என்று நம்பி ஒரு ஊரே வயலில் மெஷினை இறக்கினால் என்ன ஆகும்? நிற்கிற பயிர் வெயிலுக்காக நாலு நாள் பொறுக்கும். அறுத்துக் குவித்த ஈர நெல் பொறுக்காது. உள்ளே சூடேறி முளைத்துவிடும்.

மீனை அப்படியே ஃப்ரிட்ஜில் தள்ளிவிட்டுப் புடவை மாற்றினேன்.

ஜோசியத்துக்குக் கீழே

அச்சகத்தில் காகிதச் சுருள் நனைந்த கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் படித்துவிட்டுச் சிலர், "நீங்க நடத்துன அந்த ப்ளாக் என்னங்க ஆச்சு?" என்று கேட்டிருந்தார்கள். அந்தக் கதையைச் சொல்லாமல் இந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்ல முடியாது.

எங்கள் நாளிதழுக்கு இணையதளம் புதிதாக வந்திருந்த காலம். நான் தஞ்சாவூர் பதிப்பில் உதவி ஆசிரியர். செய்தி ஆசிரியர் நடராஜன் சார் ஒருநாள் கூப்பிட்டார்.

"சென்னைல எல்லாரும் ப்ளாக் எழுதணுமாம்மா. சினிமா, சமையல், ஜோசியம் எல்லாத்துக்கும் ஆள் வந்தாச்சு. மிச்சம் இருக்கிறது பொருளாதாரம், அரசுக் கொள்கை. நீ எடுத்துக்கிறியா?"

"எனக்கு என்ன சார் தெரியும்?"

"பி.காம். படிச்சிருக்கேல்ல. அது போதும். யாரும் படிக்கப்போறதில்ல."

அந்த ஒரு வாக்குறுதியை நம்பித்தான் தைரியமாக ஒத்துக்கொண்டேன்.

பெயர் ‘கடைமடை’ என்று வைத்தோம். ஆற்றில் தண்ணீர் விட்டால் வாய்க்கால் வாய்க்காலாகப் போய்க் கடைசியாகச் சேருகிற இடம் கடைமடை. சேர்ந்தால் உண்டு, சேராவிட்டால் இல்லை. டெல்லியிலும் சென்னையிலும் போடுகிற திட்டம் எங்கள் பக்கத்துக்கு வந்து சேர்ந்ததா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை என்று முதல் பதிவில் பெரிதாக எழுதினேன். இணையதளத்தில் எங்களுக்குக் கொடுத்த இடமும் கடைமடைதான். ராசிபலனைத் தாண்டி, வரன் விளம்பரத்தையும் தாண்டி இறங்கி வந்தால் ஒரு சின்னப் பெட்டி.

முதல் பதிவு வேதாரண்யத்து உப்பைப் பற்றியது. பாத்தியில் இருக்கிற விலைக்கும் கடையில் பாக்கெட் விலைக்கும் நடுவில் யார் யார் நிற்கிறார்கள் என்று விசாரித்து எழுதினேன். நாலு நாள் கண் எரிய வெயிலில் அலைந்தேன். அதற்கு வந்த முதல் பின்னூட்டம் "டெஸ்ட்". எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்காரர் போட்டது. அடுத்த பின்னூட்டம் வர மாதம் ஒன்றானது.

ஸ்டெல்லா சண்டை போடத்தான் வந்தாள். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவள். என்னைவிட இளையவள் என்பதால் அவள் இவள் என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டாள். விலைவாசி பற்றி நான் எழுதிய ஒரு பதிவை அச்செடுத்து, சிவப்பு மையால் கோடு கோடாகப் போட்டுக்கொண்டு ஆபீஸுக்கே வந்துவிட்டாள்.

"மேடம், இதுல இருக்கிற ஒரு பத்தி கூட என் பிள்ளைங்க எழுதுனா நான் பாஸ் போட மாட்டேன்."

"அப்ப நீங்களே எழுதுங்களேன்" என்றேன், எரிச்சலில். அடுத்த வாரம் எழுதிக்கொண்டு வந்துவிட்டாள்.

அப்புறம் என்ன, அவள் எழுத நான் திருத்தினேன். வகுப்பறைத் தமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற தமிழாக ஆக்கினோம். பழைய நோட்டு செல்லாது என்று அறிவித்த வாரம் ஆபீஸ் போன் ஓயவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து மீன் ஏலம் எடுக்கும் ஒரு அம்மாள் கூப்பிட்டு, "படகு வந்துடும்மா, கையில இருக்கிற நோட்டை வாங்கிப்பாங்களா, மாட்டாங்களா, அதை மட்டும் எழுது" என்றார். ஸ்டெல்லா அதை மட்டும் எழுதினாள். அன்றுதான் ஜோசியத்தைவிட எங்களை அதிகம் பேர் படித்ததாகச் சென்னையிலிருந்து சொன்னார்கள். நடராஜன் சார் ஆபீஸ் முழுக்கக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

வருடத்தை வெட்டுகிற பேனா

நடராஜன் சாரிடம் ஒரு பழக்கம் உண்டு. அவரிடம் மட்டும் என்று சொல்லக்கூடாது, அச்சுப் பத்திரிகையில் வளர்ந்த எல்லோரிடமும் உண்டு. செய்திக்குள் வருடத்தை எழுதினால் பிடிக்காது.

"பேப்பர் தலையில தேதி இருக்கு. அப்புறம் எதுக்கும்மா உள்ள வேற? ‘இன்று’ன்னு போடு, ‘நாளை’ன்னு போடு, ‘இந்த ஆண்டு’ன்னு போடு. படிக்கிறவன் கையில இன்னிக்குப் பேப்பர்தானே இருக்கு?"

நியாயம்தான். நேற்றைய பேப்பரில் வடை மடிப்பார்கள், யாரும் அதை நம்பி நாற்று விடமாட்டார்கள். நாங்களும் அதே கையோடு வலைப்பூ எழுதினோம். "இந்த ஆண்டு ஈரப்பத வரம்பு தளர்வு: நாளை முதல் கொள்முதல் நிலையங்களில் அமல்" என்று ஸ்டெல்லாவின் பதிவுக்குத் தலைப்பு வைத்தோம். உள்ளேயும் எந்த வருடம் என்று ஓரிடத்திலும் கிடையாது. தேதி மேலே, அவள் பெயருக்குப் பக்கத்தில், சின்ன எழுத்தில் தனியாக நின்றது.

அந்த வருடம் அது உண்மையான செய்தி. பலருக்கு உபயோகப்பட்டது. அதோடு மறந்தும் போயிற்று.

பூசைக்குப் பிறகு

ஸ்டெல்லாவின் ஊர் வெண்ணாற்றங்கரையில் இருக்கிறது. பெயர் வேண்டாம். கத்தோலிக்கக் குடும்பங்கள் அதிகம், எல்லோருக்கும் நெல்தான். ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் வந்து பூசை வைத்துவிட்டு அடுத்த ஊர்ப் பூசைக்குக் கிளம்பிவிடுவார். அதன் பிறகு மைக்கைப் பிடிப்பவர், சாமியாருக்குத் துணையாகக் கோயில் வேலைகளைப் பார்க்கிற அந்தோணி உபதேசியார். யாருக்கு யாரோடு கல்யாணம் என்று ஓலை வாசிப்பார், யார் வீட்டில் ஜெபமாலை என்று சொல்வார், கோயிலுக்கு வர்ணம் அடிக்க வேண்டும் என்பார்.

புயல் வந்துபோன வருடம் நிவாரணத்துக்கு எங்கே, எப்படிப் பதிய வேண்டும் என்று ஸ்டெல்லா எழுதியிருந்தாள். உபதேசியார் அதைத் தன் போனிலிருந்து அப்படியே வாசித்தார். மறுநாள் ஊர் மொத்தமும் போய்ப் பதிந்துவிட்டு வந்தது. பக்கத்து ஊர்க்காரர்களுக்கு விஷயமே தெரியாது. அன்றிலிருந்து ‘கடைமடை’யில் விவசாயத்துக்கு வேண்டியது ஏதாவது வந்திருக்கிறதா என்று சனிக்கிழமை சாயங்காலம் பார்ப்பது உபதேசியாருக்கு வழக்கமாகிவிட்டது. "நம்ம ஸ்டெல்லா டீச்சர் எழுதியிருக்கிறார்கள்" என்றுதான் தொடங்குவாராம். பீடத்துப் பக்கத்து மைக்கில் வருகிறதை யாரும் சந்தேகப்பட்டுத் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

எனக்கு இது பெருமையாகவும் இருந்தது, உள்ளூர உதறலாகவும் இருந்தது. நாம் எழுதுகிறதை ஒரு ஊர் அப்படியே நம்புகிறது என்பது தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம்.

"எல்லாம் வந்துடுச்சு மேடம்"

அந்த வாரம்தான் நாளிதழின் இணையதளத்தைப் புதிதாக மாற்றினார்கள். பழைய பதிவுகளையெல்லாம் புது இடத்துக்குக் கொண்டுபோகும் வேலை சென்னையில் கார்த்திக் என்கிற பையனிடம். நான் வெள்ளிக்கிழமை அவனுக்கு எத்தனை தடவை போன் செய்தேன் என்று அவனைத்தான் கேட்க வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் அவனே கூப்பிட்டான். "எல்லாம் வந்துடுச்சு மேடம். ஒண்ணு கூட விடல. நீங்க நிம்மதியா இருங்க."

அவன் சொன்னது சரிதான். ஒன்றுகூட விடாமல் எல்லாம் வந்திருந்தது. தேதி மட்டும் வரவில்லை. எந்த வருடம் எழுதிய பதிவானாலும் அதன் மேல் அந்தச் சனிக்கிழமையின் தேதி உட்கார்ந்துகொண்டது. அதிலும் அறுவடைக் காலம் என்று ஏதோ ஒரு மென்பொருள் கண்டுபிடித்து, ஈரப்பதம் பதிவைத் தூக்கி முதலில் வைத்திருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் உபதேசியார் வழக்கம்போல் போனைத் திறந்தார்.

நேரம் கெட்ட மணி

ஸ்டெல்லாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். வழியெல்லாம் நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். எனக்குப் பயம் வந்தால் வாய் நிற்காது. ஊர் எல்லையிலேயே மெஷின் சத்தம் கேட்டது.

உபதேசியார் வீட்டுக்குப் போனோம். விஷயத்தைச் சொன்னதும் மனிதர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.

"இப்ப என்னம்மா செய்றது? ஒவ்வொரு வயலா ஓடிச் சொல்லவா?"

"மணி அடிங்க" என்றாள் ஸ்டெல்லா.

மத்தியான நேரத்தில் அந்த ஊரில் கோயில் மணி அடித்தால் ஒரே அர்த்தம்தான். யாரோ போய்விட்டார்கள். உபதேசியார் சற்றுத் தயங்கிவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். ஊரே ஓடிவந்தது. மாவு ஒட்டின கையோடு பெண்கள், சேற்றுக் காலோடு ஆண்கள். "யாருங்க? யாருங்க?" என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். ஸ்டெல்லா மைக்கைப் பிடித்தாள்.

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. காலைல வாசிச்சது பழைய செய்தி. என் பேர்ல வந்ததுதான், ஆனா இந்த வருஷத்துது இல்ல. இந்த வருஷம் பதினேழுதான். அறுக்காதீங்க."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. சிலர் திட்டினார்கள், சாவு இல்லை என்ற நிம்மதியில் சிலர் கும்பிட்டார்கள். பல பேர் வயலில் இன்னும் மெஷின் இறங்கவில்லை. அவர்கள் தப்பித்தார்கள். மெஷின் முதலில் இறங்கியது ரோட்டை ஒட்டிய வயலில். அது ஸ்டெல்லாவின் அண்ணன் ராஜுவுடையது.

"அவுக பாதி அறுத்து ஏத்திக்கிட்டுக் கொள்முதலுக்கே போயிட்டாகளே" என்றார் அவர் மனைவி.

கொள்முதல் நிலையம் கூப்பிடு தூரம்தான். சீசன் என்பதால் ஞாயிறும் திறந்திருந்தது. நாங்கள் போனபோது களத்தில் நெல் குவிந்து கிடந்தது. ராஜு, நெல்லைச் சோதித்துப் பில் போடுகிற பட்டியல் எழுத்தரிடம் போனைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தார்.

"மேலேர்ந்து எனக்கு ஆர்டர் வரலண்ணே. ஈரம் ரொம்ப இருக்கு. நான் எப்படி எடுக்குறது?" எழுத்தர் தன்மையான மனிதர். அவர் குரலிலும் சங்கடம் தெரிந்தது.

"பேப்பர்காரங்களே போட்டிருக்காங்க. என் தங்கச்சி எழுதுனது." ராஜு எங்களைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது. "இந்தா, அவளே வந்துட்டா. நீயே சொல்லு ஸ்டெல்லா. இவரு நம்ப மாட்டேங்கிறாரு."

நான் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லட்டும் என்று நின்றேன்.

"அண்ணே, அது பழசு."

"பழசுன்னா?"

"எப்பவோ எழுதுனது. இப்ப மாத்தும்போது தேதி தப்பா விழுந்துடுச்சு."

ராஜு போனைத் திரும்பப் பார்த்தார். விரலால் கொஞ்சம் மேலே தள்ளினார், கீழே தள்ளினார். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"காலைல வயலுக்குப் போயி வானத்தப் பாத்தேன். இன்னிக்கு வேணாம்னுதான் தோணுச்சு. அப்பறம் உன் பேரப் பாத்தேன்."

சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. ஸ்டெல்லா அழுதாள். நானும் அழுதேன் என்பதை எழுதுவதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அவர் எங்கள் இருவரையும் விட்டுவிட்டுத் தார்ப்பாய் தேடப் போனார். விளக்கு வைக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது.

வயலுக்குப் போயிருக்காங்க

மறுநாளே திருத்தம் போட்டோம். கார்த்திக் எல்லாத் தேதிகளையும் சரிசெய்துவிட்டு எனக்குப் போன் செய்தான். "மேடம், ஒரு தேதிக்காக யாராவது நெல்லை அறுப்பாங்கன்னு எனக்குத் தெரியாது" என்றான். அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது? எங்களுக்கே அதுவரை தெரியாதே. சென்னையில் பெரியவர்கள் கூடிப் பேசி ‘கடைமடை’யைத் தற்காலிகமாக மூடினார்கள். தற்காலிகம் என்றால் என்ன என்பது பத்திரிகையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்.

மழை விடுவதும் பிடிப்பதுமாக இருந்தது. ராஜுவின் குவியலில் கையை விட்டால் சுட்டது. நாலைந்து நாளில் வெள்ளை முளை எட்டிப் பார்த்தது. மாட்டுத் தீவனத்துக்குத்தான் ஆகும் என்றார்கள். மிச்சம் நின்ற பாதி வயலும் மழையில் சாய்ந்துவிட்டது. அதை இனி அறுக்காமல் விட்டால் தண்ணீரிலேயே முளைக்கும் என்பதால் அதையும் அறுத்துவிட்டார். அது வீட்டு முன்னால் தார்ச்சாலையில் வெயிலுக்காகக் காத்துக் கிடந்தது. அந்த வருடம் அவர் கையில் மிஞ்சியது அவ்வளவுதான்.

ஸ்டெல்லா தினமும் அண்ணனுக்குப் போன் செய்வாள். அண்ணிதான் எடுப்பாள். "வயலுக்குப் போயிருக்காகம்மா." வயலில் ஒன்றுமே இல்லாதபோதும் வயலுக்குத்தான் போயிருந்தார்.

அவளுக்கு வகுப்பெடுக்க முடியவில்லை. போர்டில் எழுதிவிட்டு, எழுதியது சரியா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கிறேன் அக்கா என்றாள். இது என் வியாதி ஆயிற்றே, இவளுக்கு எப்படித் தொற்றியது என்று எனக்குக் கவலையாகிவிட்டது. அண்ணனும் தங்கையும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அப்பா போன பிறகு அவளைப் படிக்கவைத்தவர் அவர்தான். இது இப்படியே உறைந்துவிட்டால் என்ன செய்வாள் என்பதுதான் எனக்கு அப்போது இருந்த ஒரே பயம். வலைப்பூ போனதெல்லாம் அதற்குப் பிறகு.

உத்தரவு

அந்தச் சமயத்தில்தான் உத்தரவு வந்தது. நிஜமான உத்தரவு. தொடர்மழையால் ஈரப்பத வரம்பைத் தளர்த்தி, இந்த வருடத்துக்கு, உடனே அமலாகும்படி. எங்கள் நிருபர் கலெக்டர் ஆபீஸிலிருந்து படம் எடுத்து அனுப்பினார். நான் தேதியைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

கார்த்திக் கூப்பிட்டான். "மேடம், ப்ளாக்க இன்னிக்கு மட்டும் திறந்துவிடச் சொல்லிக் கேக்கட்டுமா? உடனே போட்டுடலாம்."

ஸ்டெல்லா வேண்டாம் என்றாள். "போட்டா யாருக்கா நம்புவாங்க? இதைப் பாருங்க" என்று ஊர் வாட்ஸ்அப் குழுவைக் காட்டினாள். டிவியில் வந்த அதே செய்தியை யாரோ போட்டிருந்தார்கள். அதன் கீழே வரிசையாக, "இது பழசு", "நம்பாதீங்க", "திரும்பவும் மணி அடிக்கணுமா?". உபதேசியாரும் இனிமேல் மைக்கில் ஓலையும் ஜெபமும் மட்டும்தான் என்று சொல்லிவிட்டாராம்.

அதற்குள் அண்ணியிடமிருந்து போன். ராஜு ஒரு வியாபாரிக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். அடிமாட்டு விலை. சாயங்காலம் லாரி வருகிறது, ஏற்றிவிட்டால் தீர்ந்தது.

ஸ்கூட்டர் மறுபடியும் வெண்ணாற்றங்கரைக்குப் போனது. முதலில் கொள்முதல் நிலையத்துக்குத்தான் போனோம். பட்டியல் எழுத்தரிடம், உங்கள் கைக்கு உத்தரவு வந்துவிட்டதா என்று கேட்டோம். வந்துவிட்டது என்றார். எடுத்துக் காட்டச் சொன்னோம், காட்டினார். அதன் பிறகுதான் ஸ்டெல்லா அண்ணனைக் கூப்பிட்டாள். அன்றைக்கு அவரே எடுத்தார்.

"அண்ணே, உத்தரவு வந்துடுச்சு. நான் கொள்முதல்லதான் நிக்கிறேன். என் கண்ணால பாத்துட்டேன். நெல்லைக் கொண்டுவா."

"ம்."

"வியாபாரிக்குப் போடாதண்ணே. இப்பவே எடுத்துப்பாங்க."

"வாக்குக் குடுத்துட்டேன்" என்றார். வைத்துவிட்டார்.

ஸ்டெல்லா வாசல் கேட்டுக்குப் போய் நின்றுகொண்டாள். தூறல் போட்டது. எழுத்தர் கொட்டகைக்குள் வரச் சொன்னார். வரவில்லை. நான் குடையை நீட்டினேன். தள்ளிவிட்டாள். தூறல் மழையானது. அவள் ஊர்க்காரர்கள் இரண்டு மூன்று பேர் பைக்கில் போனார்கள். வேகத்தைக் குறைத்து, "என்ன டீச்சர், இங்க நிக்கிறீங்க?" என்று கேட்டார்கள். "நெல்லு எடுக்குறாங்க, கொண்டுவாங்க" என்றாள். தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். ஒருவரும் திரும்பி வரவில்லை.

நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊர்ப் பக்கமிருந்து ஒரு லாரி வந்தது. படுதா போட்டு மூடியிருந்தது. உள்ளே என்ன, யாருடையது என்று தெரியவில்லை. எங்களைக் கடந்து மன்னார்குடி ரோட்டில் போய்விட்டது. ஸ்டெல்லா அதைக் கண்ணால் தொடர்ந்தாள். முடிந்தது என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குப் போகலாம் என்று அவள் தோளைத் தொட்டேன். அசையவில்லை. உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

இருட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் டிராக்டர் சத்தம் கேட்டது.

ராஜுதான். வண்டி நிறைய நெல் மூட்டை, மேலே இரண்டு தார்ப்பாய். கேட்டைத் தாண்டும்போது தங்கையைப் பார்க்கவில்லை. நேராகக் கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்தினார். எழுத்தர் தார்ப்பாய் ஓரத்தைத் தூக்கி ஒரு மூட்டையில் குத்தூசி விட்டு நெல்லை எடுத்தார், மெஷினில் போட்டார். எழுத்தர் எண்ணைப் பார்த்தார், மறுபடியும் போட்டுப் பார்த்தார்.

"எடுத்துக்கலாம்ணே."

நான் ராஜுவின் பக்கத்தில் போனேன். ஏதாவது பேசியாக வேண்டும் போலிருந்தது. "ஸ்டெல்லா சொன்னதை நம்பி வந்தீங்களே, ரொம்ப சந்தோஷங்க" என்றேன்.

அவர் தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்.

"நம்பியெல்லாம் வரல மேடம். வியாபாரி லாரிய வேணாம்னு அனுப்பிட்டு, எடுத்தா எடுக்குறாங்க, எடுக்காட்டிப் போகுதுன்னுதான் வந்தேன். நெல்லு நனையிறது எங்களுக்குப் புதுசா? அவ மழையில நிக்கிறான்னு சொன்னாங்க."

கயிற்றை விட்டுவிட்டுக் கேட்டுப் பக்கம் திரும்பினார்.

"உள்ள வா ஸ்டெல்லா" என்றார்.